கோல்ஃப் ஆரம்பத்துல இருந்தே பணக்காரங்க விளையாட்டுதானா?

நொங்குவண்டி:

எல்லாருக்கும் வணக்கம். இது ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு. நந்தனம் பக்கம் போறப்பல்லாம் அந்த கோல்ஃப் கோர்ஸ் காம்பவுண்ட் சுவத்தைப் பாத்துட்டேதான் போறேன், உள்ள யாரு ஆடுறா என்ன ஆடுறான்னு நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா போன வாரம் ஒரு இடத்துல படிச்சேன், 1457ல ஸ்காட்லாந்து பார்லிமென்ட்ல கோல்ஃபையும் ஃபுட்பாலையும் தடை பண்ணி சட்டம் போட்டாங்களாம், ஜனங்க வில்வித்தை பழகாம இதுலயே பொழுதைக் கழிக்கிறாங்கன்னு. தடை போடுற அளவுக்கு ஆடிருக்காங்கன்னா சாதாரண ஜனங்கதானே ஆடிருக்கணும்? நாலு பிரபுக்கள் மட்டும் ஆடுற விஷயத்துக்கு யாராவது சட்டம் போடுவாங்களா? அப்ப எந்த இடத்துல இது அவங்க கையை விட்டுப் போச்சு, யாரு கைக்குப் போச்சு? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவாவே சொல்லுங்க, நீளமா இருந்தாலும் படிக்கிறேன்.

தேரிக்காட்டான்:

நல்ல கேள்வி ப்ரோ. நீங்க யூகிச்சது பாதி சரி. 1457 சட்டம் ரெண்டாம் ஜேம்ஸ் காலத்துல வந்தது, இங்கிலாந்தோட எந்நேரமும் சண்டை, ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாம் வில் அம்பு பழகணும்னு ராஜா எதிர்பாத்தார். சட்டம் போட்டும் யாரும் கேக்கல, அதனால 1471ல ஒரு தடவை, 1491ல ஒரு தடவைன்னு திரும்பத் திரும்பப் போட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா கடைசித் தடையப் போட்ட அதே நாலாம் ஜேம்ஸ் 1502ல பெர்த் ஊர்ல ஒரு வில் செய்யிற ஆசாரிகிட்ட கோல்ஃப் மட்டை வாங்கிருக்கார், அரண்மனை கணக்குப் புத்தகத்துல செலவு எழுதி வச்சிருக்காங்க. வில்லுக்கு மரம் வளைக்கத் தெரிஞ்ச கைதான் மட்டைக்கும் வேணும், அதனால ரொம்ப காலத்துக்கு மட்டை செஞ்சவங்க வில் செய்யிறவங்கதான்.

ஆடின இடம் இன்னும் முக்கியம். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவுல இருக்கிற மணல் மேட்டுப் புல்வெளியத்தான் அங்க லிங்க்ஸ்னு சொல்வாங்க. உழவுக்கு ஆகாது, ஆடு மேயும், முயல் வளை தோண்டும். நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரின்னு வச்சுக்கோங்க, யாருக்கும் தனியா சொந்தமில்ல, ஊருக்கே பொது. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்னு ஒரு ஊர், அங்க 1552ல ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டன் கையெழுத்துப் போட்ட ஒரு சாசனம் இருக்கு, லிங்க்ஸ்ல முயல் வளக்க அவருக்கு அனுமதி, ஆனா ஊர் ஜனங்க அங்க கோல்ஃப், ஃபுட்பால் எல்லாம் ஆடுற உரிமை அப்படியே இருக்கும்னு அதுலயே எழுதிருக்கு. அப்ப ஆடுறது அவங்களுக்குப் பழக்கமா மட்டும் இல்ல, எழுத்துல இருந்த உரிமை.

அப்புறம் சர்ச் ரெக்கார்டுங்களப் பாத்தா இன்னும் தெளிவாகும். ஞாயித்துக்கிழமை பிரசங்க நேரத்துல கோல்ஃப் ஆடினாங்கன்னு கூப்பிட்டு விசாரிச்சு அபராதம் போட்டிருக்காங்க, எடின்பரோ நகர சபை 1592லயே ஞாயித்துக்கிழமை ஆட்டத்தைத் தடை பண்ணிருக்கு. வாரத்துல ஒரே ஒரு நாள் லீவு இருக்கிறவன்தான் அந்த ஒரு நாள்ல ஆடிட்டு மாட்டிப்பான். செவ்வாய்க்கிழமை காலைல ஆட நேரம் இருக்கிறவனுக்கு அந்தத் தொல்லையே இல்ல.

பெரிய மனுஷங்க அமைப்பா சேந்தது ரொம்பப் பின்னாடிதான். 1744ல லீத் ஊர்ல ஜென்டில்மென் கோல்ஃபர்ஸ்னு ஒரு கூட்டம், எடின்பரோ நகர சபை ஒரு வெள்ளி மட்டையப் பரிசாக் கொடுத்துச்சு, அந்தப் போட்டிக்காக 13 ரூல்ஸ் எழுதினாங்க, ஜெயிச்சவர் ஜான் ராட்ரேன்னு ஒரு சர்ஜன். 1754ல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல பிரபுக்கள், நிலச்சுவான்தார்கள், புரொஃபசர்ங்கன்னு 22 பேர் சேந்து ஒரு சொசைட்டி ஆரம்பிச்சாங்க, அதுதான் 1834ல நாலாம் வில்லியம் ராஜா பேர் கொடுத்து ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் ஆச்சு. கவனிக்க வேண்டியது என்னன்னா இவங்க யாருக்கும் சொந்தமா கிரவுண்ட் கிடையாது. ஊர்ப் பொம்பளைங்க ஸ்வில்கன் ஓடையில துவைச்ச துணிய அதே புல்லுலதான் காயப் போடுவாங்க, அதுக்கு நடுவுலதான் இந்தக் கனவான்களும் ஆடணும். சிவப்புக் கோட்டு போட்டுட்டு ஆடினதும் இதனாலதான், பொது இடத்துல நடந்து போறவங்களுக்குத் தூரத்துலயே தெரியணும். லண்டன்ல விம்பிள்டன் பொது நிலத்துல இன்னைக்கும் சிவப்பு மேல்சட்டை போட்டாத்தான் ஆட முடியும். உரிமை பொதுவா இருந்துச்சு, அதை மெல்ல மெல்ல ஓரங்கட்டினாங்க, இதுதான் நான் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டது.

உப்பளம்:

தேரிக்காட்டான் சொன்னதெல்லாம் கரெக்ட், ஆனா முக்கியமான ஒண்ணை விட்டுட்டார். நிலம் பொதுவா இருந்தா மட்டும் போதுமா? பந்து வேணும்ல? என்னைக் கேட்டா கோல்ஃப்ல ஏழை பணக்காரன் பிரிவு பந்துல இருந்துதான் ஆரம்பிக்குது.

ஃபெதரின்னு ஒரு பந்து, சுமார் 1850 வரைக்கும் பெரிய ஆளுங்க ஆடினது இதுலதான். அதை எப்படிச் செய்வாங்கன்னா, நல்லா ஊறின தோலை ரெண்டு மூணு துண்டா வெட்டி தைச்சு, தையல் உள்பக்கம் போற மாதிரி சின்ன ஓட்டை வழியா வெளிய திருப்பி, அந்த ஓட்டைக்குள்ள வேகவச்ச வாத்து இறகையோ கோழி இறகையோ திணிக்கணும். ஒரு தொப்பி நிறைய இறகு ஒரு பந்துக்குள்ள போகும்னு சொல்வாங்க. கையால தள்ளி முடியாது, நெஞ்சுல ஒரு கட்டையக் கட்டிக்கிட்டு அதுல இரும்புக் கம்பியோட முனைய முட்டுக் கொடுத்து உடம்போட மொத்த வெயிட்டையும் போட்டு அழுத்தணும். அப்புறம் ஓட்டையத் தைச்சுக் காய வச்சா தோல் சுருங்கும், உள்ள ஈர இறகு விரியும், ரெண்டும் ஒண்ணையொண்ணு நெருக்கிக் கல்லு மாதிரி ஆகிடும். நல்லா வேலை தெரிஞ்சவனே ஒரு நாளைக்கு மூணு நாலு பந்துதான் செய்ய முடியும். இறகுத் தூசியச் சுவாசிச்சுச் சுவாசிச்சு நெஞ்சு கெட்டுப் போனவங்க நிறைய பேர்.

இவ்வளவு பாடுபட்டுச் செஞ்ச பந்து ரெண்டு அல்லது மூணு ஷில்லிங், சில சமயம் அதுக்கும் மேல. அன்னைக்கு ஒரு கூலிக்காரனோட ஒரு நாள் சம்பளத்த விட ஜாஸ்தி. மழையில நனைஞ்சா ஊறிப் போயிடும், இரும்பு மட்டை தப்பாப் பட்டா தையல் பிரிஞ்சிடும், ஒரு ஆட்டத்துக்கே ஒண்ணுக்கு மேல பந்து கொண்டு போகணும். எந்தக் கொல்லனோ மீன்காரனோ இதை வாங்குவான்? அதனால சாதாரண ஜனங்க மரப்பந்து மாதிரி மலிவா கிடைச்சத வச்சு, தெருவுலயும் சர்ச் வளாகத்துலயும் சின்ன தூரத்துக்கு ஆடினாங்க, காசு இருக்கிறவன் லிங்க்ஸ்ல நீளமா ஆடினான். பேரு ஒண்ணு, ஆட்டம் ரெண்டு. 1457ல தடை பண்ணினது பெரும்பாலும் முதல் வகையாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது.

1618ல ஆறாம் ஜேம்ஸ் ராஜா பந்து விக்கிற ஏகபோக உரிமைய ஜேம்ஸ் மெல்வில்னு ஒருத்தருக்குக் கொடுத்தார், விலை 4 ஷில்லிங்குக்கு மேல போகக்கூடாதுன்னு கண்டிஷனோட, அது ஸ்காட்லாந்து நாணயத்துல. பந்து விலைக்கு ராஜாவே உச்சவரம்பு போட வேண்டியிருந்துச்சுன்னா அது எவ்வளவு பெரிய பிரச்சினையா இருந்திருக்கும்னு யோசிங்க.

இது மாறினது 1848 வாக்குல. மலாயாக் காட்டு மரத்துப் பால், கட்டா பெர்ச்சான்னு பேரு, வெந்நீர்ல போட்டா இளகும், கையாலயே உருட்டலாம், ஆறினா கெட்டி ஆயிடும். அடிபட்டு ஒடுங்கினாலும் திரும்பச் சூடு பண்ணி உருட்டிக்கலாம். விலை ஒரு ஷில்லிங் பக்கம் வந்துடுச்சு. கோல்ஃப் வரலாத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், ஏன்னா எந்த ராஜாவும் எந்தச் சட்டமும் செய்யாதத ஒரு மரத்துப் பால் செஞ்சுச்சு.

நொங்குவண்டி:

அடேங்கப்பா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பந்து விஷயம் நான் யோசிச்சே பாக்கல. அப்ப 1848க்கு அப்புறம் சாதாரண ஆளுங்க உள்ள வந்துட்டாங்கன்னுதானே அர்த்தம்? பின்ன ஏன் இன்னும் இந்த நிலைமை? கேடிங்களப் பத்தியும் யாராவது சொல்லுங்க, பைய தூக்கிட்டு போறவங்கதானே தினமும் அங்கயே கிடந்தவங்க, அவங்க ஆடலையா?

பழைய பேப்பர்:

ஆடினாங்க தம்பி, சும்மா இல்ல, முதலாளிய விட நல்லா ஆடினாங்க. அதுதான் சிக்கலே.

ஆலன் ராபர்ட்சன்னு செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஒருத்தர், முதல் ப்ரொஃபஷனல், அதாவது காசுக்கு ஆடுறவர்னு அவரத்தான் சொல்வாங்க. பந்து செய்யிறது குடும்பத் தொழில், அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவர் டாம் மோரிஸ், ஒரு நெசவாளி மகன். உப்பளம் சொன்ன அந்தப் புதுப் பந்து வந்தப்ப ராபர்ட்சனுக்குப் பொழப்பே போயிடும்னு பயம், கண்ணுல படுற பந்தையெல்லாம் காசு கொடுத்து வாங்கி நெருப்புல போட்டார்னு சொல்வாங்க. ஒரு நாள் டாம் மோரிஸ் ஒரு கனவானோட ஆடிட்டு இருக்கிறப்ப கையில இருந்த பந்து தீந்து போச்சு, அவர் கொடுத்த புதுப் பந்துல ஆடினார், எதிர்ல வந்த ராபர்ட்சன் கண்ணுல பட்டுடுச்சு, அதோட ரெண்டு பேருக்கும் பிரிவு. மோரிஸ் 1851ல ப்ரெஸ்ட்விக்னு வேற ஊருக்குப் போயிட்டார். விலை குறைஞ்சது ஆடுறவனுக்கு நல்லது, ஆனா செய்யிறவன் வீட்டுல அடுப்பு எரியணும்ல, அதையும் சேத்துதான் பாக்கணும்.

1860 அக்டோபர்ல அந்த ப்ரெஸ்ட்விக்லதான் முதல் ஓப்பன் சாம்பியன்ஷிப். 12 ஹோல், அதாவது பந்தைப் போட வேண்டிய குழி 12 இருக்கிற மைதானத்த ஒரே நாள்ல மூணு சுத்து, ஆடினது 8 பேர், எல்லாரும் ப்ரொஃபஷனல்ங்க. வில்லி பார்க் மொத்தம் 174 ஷாட்ல முடிச்சு ஜெயிச்சார், மோரிஸுக்கு ரெண்டு ஷாட் கூட ஆச்சு. பரிசு என்னன்னா வெள்ளி பக்கிள் வச்ச ஒரு சிவப்புத் தோல் பெல்ட், அதையும் அடுத்த வருஷம் திருப்பிக் கொடுத்துடணும். காசு ஒரு பைசா கிடையாது. ஜெயிச்சவனுக்குப் பணம் கொடுத்தது 1864லதான், மோரிஸுக்கு 6 பவுண்டு. அதே சமயம் இவங்களை ஜோடி சேத்து ஆட விட்டு கனவான்ங்க கட்டின பந்தயத் தொகை எல்லாம் அதைவிடப் பல மடங்கு.

மோரிஸ செயின்ட் ஆண்ட்ரூஸ்காரங்க திரும்பக் கூப்பிட்டு வருஷத்துக்கு 50 பவுண்டு சம்பளத்துல மைதானத்தப் பாத்துக்கிற வேலை கொடுத்தாங்க. ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி கையில கொடுத்து, கனமான வேலைக்கு வாரத்துல ரெண்டு நாள் ஒரு ஆள். நாலு தடவை ஓப்பன் ஜெயிச்ச மனுஷன், அவர் மகனும் நாலு தடவை. ஆனா கிளப் மெம்பர் கிடையாது, ப்ரொஃபஷனல்ங்கறவன் வேலைக்காரன், அவ்வளவுதான். பிற்காலத்துல அவர் படத்த வரைஞ்சு அதே கிளப்ஹவுஸ்ல மாட்டினாங்க. எனக்கு இதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

இன்னொண்ணு. 1885ல இங்கிலாந்துல ஹாய்லேக்ல அமெச்சூர் போட்டி, அதாவது காசுக்கு ஆடாதவங்களுக்கான போட்டி ஆரம்பிச்சாங்க. டக்ளஸ் ரோலண்ட்னு ஒரு கல் கொத்தனார் ஆட வந்தார், அதுக்கு முந்தின வருஷம் ஓப்பன்ல ரெண்டாவதா வந்து பரிசுப் பணம் வாங்கிருந்ததால நீ அமெச்சூர் இல்லன்னு ஒதுக்கிட்டாங்க. ஆனா அதே ஹாய்லேக்ல ஹோட்டல்காரர் மகன் ஜான் பால், அவரும் சின்னப் பையனா 1878 ஓப்பன்ல கொஞ்சம் பரிசுப் பணம் வாங்கினவர்தான், அவரை விட்டுட்டாங்க. ஜான் பால் அபாரமான ஆட்டக்காரர், 1890ல ஓப்பன் ஜெயிச்ச முதல் இங்கிலீஷ்காரர், அவர் மேல எந்தக் குத்தமும் இல்ல. ஆனா யாருக்கு ரூல் வளைஞ்சுது, யாருக்கு வளையலங்கறதப் பாருங்க. கனவான் ஆயிரம் பந்தயம் கட்டலாம், அது காசு வாங்கினதுல சேராது. கொத்தனார் பரிசு வாங்கினா அது சேரும். பந்து விலை குறைஞ்சதும் கதவை வேற இடத்துல வச்சுட்டாங்க, உங்க கேள்விக்கு என் பதில் இதுதான் தம்பி.

சாயங்கால பஸ்:

பழைய பேப்பர் சார் எழுதினத ஒரே மூச்சுல படிச்சேன். நான் கொஞ்ச காலம் ஸ்காட்லாந்துல படிச்சவ, ஒரு விஷயத்துல மட்டும் வேற மாதிரி சொல்லணும். எல்லாமே பறிபோயிடுச்சுன்னு சொன்னா அந்த ஊர் ஜனங்க போட்ட சண்டைய மறந்த மாதிரி ஆயிடும்.

1797ல செயின்ட் ஆண்ட்ரூஸ் நகர சபை கடன்ல மூழ்கி லிங்க்ஸயே வித்துடுச்சு. அது கைமாறி முயல் வளக்கிறவங்ககிட்டப் போச்சு, ஆயிரக்கணக்குல முயல், மைதானம் பூரா வளை. கோல்ஃப் ஆடுறவங்களும் ஊர்க்காரங்களும் ஒரு பக்கம், முயல் வியாபாரிங்க ஒரு பக்கம், கோர்ட் கேஸு, கைகலப்புன்னு இருபது வருஷத்துக்கு மேல இழுத்துச்சு, ஒரு கட்டத்துல ஊர்க்காரங்க முயலப் புடிச்சுக் கொல்லலாம்னு கோர்ட்டே சொல்லுச்சு. 1821ல ஜேம்ஸ் சீப்னு பக்கத்து எஸ்டேட்காரர், அவரும் கோல்ஃப் ஆடுறவர், வாங்கினப்புறம்தான் அடங்கினது. 1843ல ஊர்க் கைத்தொழில்காரங்க சேந்து மெக்கானிக்ஸ் கோல்ஃப் கிளப்னு தங்களுக்கே ஒண்ணு ஆரம்பிச்சாங்க, செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கிளப்ங்கிற பேர்ல இன்னைக்கும் இருக்கு. 1894ல பார்லிமென்ட் சட்டம் மூலமா லிங்க்ஸ் திரும்ப நகர சபைக்கே வந்துடுச்சு. உள்ளூர்க்காரங்க 1946 வரைக்கும் அந்த லிங்க்ஸ்ல இருக்கிற ஓல்ட் கோர்ஸ்ங்கிற மைதானத்துல காசே கொடுக்காம ஆடினாங்க, இப்பவும் அவங்களுக்கு வருஷ டிக்கெட், வெளியூர்க்காரன் ஒரு ஆட்டத்துக்குக் கொட்டுற காசோட பாத்தா ரொம்ப ரொம்பக் கம்மி.

நான் நேர்ல பாத்தத சொல்றேன். கிரானி கிளார்க்ஸ் வைண்ட்னு ஒரு சந்து, முதல் ஹோலுக்கும் பதினெட்டாவதுக்கும் குறுக்கால ஓல்ட் கோர்ஸ் புல்லு மேலயே பீச்சுக்குப் போகுது. முதல் ஷாட் அடிக்க நிக்கிறவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஒரு அம்மா தள்ளுவண்டியில குழந்தைய வச்சுத் தள்ளிட்டு அந்தப் பக்கம் போற வரைக்கும் காத்திருக்கணும். ஞாயித்துக்கிழமை ஆட்டமே கிடையாது, ஊர் ஜனங்க நாயக் கூட்டிட்டு வந்து ஆடுற புல்வெளியிலயே நடக்கிறாங்க, பசங்க பங்கர்னு சொல்ற மணல் பள்ளத்துல விளையாடுது. உலகத்துலயே பேர் போன கோர்ஸ் அது, சுத்தி சுவர் கிடையாது.

பொம்பளைங்க பத்தி யாரும் பேசல, அதனால இதையும் சேத்துடறேன். ஸ்காட்லாந்துலயே மஸல்பரோங்கிற ஊர்ல மீன் விக்கிற பொம்பளைங்க கோல்ஃப் ஆடுவாங்க, அங்க இருந்த கிளப் அவங்களுக்குன்னு 1811 புத்தாண்டு அன்னைக்கு ஒரு போட்டி வச்சுது, பரிசு ஒரு புது மீன் கூடை, கூடவே பட்டுக் கைக்குட்டை. ஆனா ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்ல பொம்பளைங்க மெம்பர் ஆகலாம்னு ஓட்டுப் போட்டு முடிவெடுத்தது 2014ல.

தேரிக்காட்டான்:

அக்கா சொன்னதுதான் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் வித்தியாசம். இங்கிலாந்துல பெரும்பாலும் கிளப் நிலத்த வாங்கி வேலி போட்டு ஆரம்பிச்சுது, ஆடுற உரிமையும் நிலத்தோடயே போயிடுச்சு. அங்க உள்ளூர் உழைப்பாளிங்கள ஆர்ட்டிசன் பிரிவுன்னு தனியா வச்சாங்க, விடிகாலைலயோ சாயங்காலமோ மெம்பர்ங்க இல்லாத நேரத்துல ஆடிக்கலாம், சந்தா கம்மி, பதிலுக்கு மைதானத்துல புல்லு வெட்டுறது, பள்ளம் அடைக்கிறது மாதிரி வேலை செய்யணும், மெயின் கிளப்ஹவுஸ் பக்கம் வரக்கூடாது.

டெவன்ல வெஸ்ட்வர்ட் ஹோ பக்கத்துல நார்தம்னு ஒரு கிராமம், அங்க 1888ல உழைக்கும் ஆளுங்க தங்களுக்குன்னு ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. அந்த ஊர்ப் பையன் ஜே. எச். டெய்லர், ஹொரஸ் ஹட்சின்சன் வீட்டுல எடுபிடி வேலை செஞ்சு, கேடியா பை தூக்கினவர். ஹட்சின்சன் 1886, 1887ல அமெச்சூர் சாம்பியன். எடுபிடிப் பையன் 1894ல ஓப்பன் ஜெயிச்சார், அப்புறம் இன்னும் நாலு தடவை. ஹாரி வார்டன் தோட்டக்காரர் மகன், ஆறு தடவை. ஜேம்ஸ் பிரெய்ட் மரவேலை செஞ்சவர், அஞ்சு தடவை. டெய்லர் 1901ல ப்ரொஃபஷனல்ங்களுக்குன்னு சங்கம் வைக்க முன்னால நின்னார், பின்னாடி ஆர்ட்டிசன் கோல்ஃபர்ங்க சங்கத்துக்கும் அவர்தான் தூண். ஜெயிச்சதும் ஊரை மறக்காத மனுஷன், அதனாலதான் அந்தக் காலத்து ஆட்டக்காரங்கள்ல எனக்கு அவர் மேல தனி மரியாதை.

கிளப்ஹவுஸ் கதவு திறந்தது எப்பன்னு கேட்டா, 1920ல அமெரிக்காவுல ஓஹையோ பக்கம் இன்வர்னஸ் கிளப் யு.எஸ். ஓப்பன் நடத்தினப்ப ப்ரொஃபஷனல்ங்கள உள்ள விட்டுச்சு, வால்டர் ஹேகன்னு ஒரு அமெரிக்க ப்ரொஃபஷனல் முன்னால நின்னு எல்லாரும் காசு போட்டு அந்தக் கிளப்புக்கு ஒரு பெரிய கடிகாரம் வாங்கிக் கொடுத்தாங்க. அதே வருஷம் இங்கிலாந்துல டீல்ங்கிற ஊர்ல நடந்த ஓப்பன்ல ஹேகனை உள்ள விடல, அவர் ஒரு பெரிய காரை வாடகைக்கு எடுத்து கிளப்ஹவுஸ் வாசல்லயே நிறுத்தி அதுக்குள்ள டிரஸ் மாத்தினார்.

நொங்குவண்டி, நம்ம ஊர் சுவருக்கும் இதுலயே பதில் இருக்கு. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளிய இருக்கிற பழைய கோல்ஃப் கிளப் கல்கத்தாவுல 1829ல ஆரம்பிச்சது. இங்க கொண்டு வந்தது செயின்ட் ஆண்ட்ரூஸ் துவைக்கிற பொம்பளைங்களோ மஸல்பரோ மீன்காரிங்களோ இல்ல, கம்பெனி ஆபீசர்களும் வியாபாரிங்களும். அவங்க கிளப்பைத்தான் கொண்டு வந்தாங்க, பொது நிலத்துல ஆடுற உரிமைய யாரும் கூடக் கொண்டு வரல.

நொங்குவண்டி:

இப்பத்தான் எனக்கு முழுசாப் புரியுது. எல்லாருக்கும் மனசார நன்றி. அந்த முயல் கேஸ் பத்தி இன்னும் விவரமா தெரிஞ்சுக்கணும், சாயங்கால பஸ் அக்கா, நேரம் கிடைக்கிறப்ப தனி இழையா எழுதுங்க ப்ளீஸ், கோர்ட்ல யார் யார் என்ன வாதாடினாங்கன்னு சேத்து.